4 வோல்ட்டில் நிற்க வேண்டிய பலகை: மல்லிகைத் தோட்டத்து மோட்டார் பெட்டிக்கு உதவி வேண்டும்

உசிலம்பட்டித் தோட்டம் (செவ்வாய், இரவு 9.40)

வணக்கம். உசிலம்பட்டிக்குத் தெற்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லிகை இருக்கிறது. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தைக் கணக்கு வைத்து அப்பா நடு இரவில் டார்ச் விளக்குடன் கிணற்றடிக்குப் போகிறார். மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து படுத்தால், விடியும் முன்பே மொட்டுப் பறிக்க எழுந்துவிட வேண்டும். அவருக்கு வயது அறுபத்து மூன்று. போன வருடம் வரப்பில் கண்ணாடி விரியனை மிதிக்கப் பார்த்தார். கட்டிலில் இருந்தபடியே கைபேசியில் அழைத்தால் மோட்டார் ஓடும்படி ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பெட்டிக்குள் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, சோலார் தகடு, ஒரு கட்டுப்பாட்டுப் பலகை, மோட்டாரைப் போடும் மின் சுவிட்சான ரிலே, சிம் அட்டை போட்டு அழைப்பை வாங்கும் எஸ்ஐஎம்800எல் மோடம் ஆகியவை இருக்கின்றன. மோடத்துக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரைதான் கொடுக்கலாம். முதலில், பேட்டரியின் 12 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க எல்எம்2596 சில்லு வைத்த நீலப் பலகை ஒன்றை வாங்கினேன். கடையில் 5 வோல்ட் என்றார்கள். அளந்து பார்க்காமல் இணைத்துவிட்டேன். பேட்டரியின் 12 வோல்ட்டும் அப்படியே போய் மோடம் கருகிவிட்டது.

இரண்டாவதாக, திரையும் பொத்தான்களும் உள்ள புரோகிராம் செய்யக்கூடிய ஸ்டெப் டவுன் (மின்னழுத்தத்தைக் குறைக்கும்) பலகை வாங்கினேன். வெளியீடு 4.10 வோல்ட், மின்னோட்ட வரம்பு 1.00 ஆம்பியர் என்று வைத்தேன். வீட்டில் மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. தோட்டத்தில் கிணற்றடியில் சிக்னல் போதவில்லை என்பதால் மோடத்தை மட்டும் மோட்டார் அறைக் கூரைமேல் ஒரு குழாயில் கட்டி, 3 மீட்டர் வயர் இழுத்தேன். இப்போது மோடத்தின் விளக்கு மூன்று வினாடிக்கு ஒருமுறை ஒழுங்காக மின்னுகிறது, நெட்வொர்க் கிடைத்துவிட்டது என்று அதற்குப் பொருள். நான் அழைத்த உடனே அணைந்து, மறுபடி வினாடிக்கு ஒருமுறை மின்னி நெட்வொர்க்கைத் தேட ஆரம்பிக்கிறது. பலகையின் திரை 4.10 என்றே காட்டுகிறது. மல்டிமீட்டரும் அதையே சொல்கிறது. இன்னொரு தொல்லை: பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் திரை எரிகிறது, ஆனால் வெளியீடு வருவதில்லை.

4.30 வைத்துப் பார்க்கலாமா?


மாசி வீதி மெக்கானிக் (செவ்வாய், இரவு 10.25)

தம்பி, 4.30 வைக்காதீர்கள். அந்த மோடம் 4.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இன்னொன்றையும் கருக்க வேண்டாம்.

மல்டிமீட்டரை எங்கே வைத்து அளந்தீர்கள்? பலகையின் முனையிலா, மோடத்தின் முனையிலா? பலகை தன் முனையில் 4.10 இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். மூன்று மீட்டருக்கு அப்பால் என்ன போய்ச் சேர்கிறது என்பது அதற்குத் தெரியாது. வயர் எவ்வளவு தடிமன்? போக 3, வர 3, மொத்தம் 6 மீட்டர் என்று கணக்கிட வேண்டும். மணி அடிக்கப் போடுகிற மெல்லிய வயர் என்றால் 0.2 சதுர மில்லிமீட்டர்தான் இருக்கும். 6 மீட்டருக்கு ஏறக்குறைய அரை ஓம். 2 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே ஒரு வோல்ட் போய்விடும். 4.10-இல் ஒன்று போனால் 3.10. மோடம் ஏன் நிற்கிறது என்று புரிகிறதா?

மீட்டரில் இந்த இறக்கம் தெரியாது. இந்த மோடம் தொடர்ச்சியாக ஒலிபரப்புவதில்லை. 4.6 மில்லி வினாடிக்கு ஒருமுறை, அரை மில்லி வினாடிக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு வீச்சு. அந்த வீச்சில்தான் 2 ஆம்பியர் வரை கேட்கும். வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் பழைய கைபேசியை வைத்தால், மணி அடிப்பதற்கு முன்பே 'டிட்டிடி டிட்டிடி' என்று இரைச்சல் கேட்குமே, அது இந்த வீச்சுகள்தான். மீட்டர் இவற்றைச் சராசரியாக்கி 4.10 என்று சொல்லிவிடும்.

உங்கள் மீட்டரிலேயே இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மோடத்தைக் கழற்றிவிட்டு, அந்த வயர் முனையில் 2.2 ஓம், 10 வாட் மின்தடையைக் கட்டுங்கள். வெள்ளைச் செங்கல் போல இருக்குமே, அந்த வகை. அது விடாமல் 1.8 ஆம்பியர் வரை இழுக்கும். இப்போது அந்த முனையில் அளந்து சொல்லுங்கள். கையால் தொடாதீர்கள், சுட்டுவிடும்.


திருப்பரங்குன்றம் ஆய்வகம் (செவ்வாய், இரவு 11.10)

அண்ணன் வயரைப் பிடித்துவிட்டார். நான் இன்னொன்றைச் சொல்கிறேன். மின்னோட்ட வரம்பை 1.00 என்று எதற்கு வைத்தீர்கள்? பாதுகாப்புக்காக என்றால் எண்ணம் சரி, அளவு தவறு. இந்தப் பலகையில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கமலை ஏற்றத்தின் இரண்டு மாடுகள் மாதிரி. சுமை 1 ஆம்பியரைத் தாண்டியதும் பலகை மின்னழுத்தத்தை விட்டுக்கொடுத்து மின்னோட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். மோடம் 2 கேட்கிறது, நீங்கள் 1-இல் கயிற்றை இழுத்துக் கட்டியிருக்கிறீர்கள். வரம்பை 3.00 ஆக்குங்கள்.

வீட்டில் மூன்று நாள் ஓடியதற்கும் காரணம் இருக்கிறது. ஊருக்குள் கோபுரம் பக்கத்தில் இருக்கும். நெட்வொர்க்கே மோடத்தை மெதுவாகப் பேசச் சொல்லும், இழுக்கும் மின்னோட்டமும் குறையும். தோட்டத்தில் சிக்னல் மெலிவு என்பதால் மோடம் முழுத் தொண்டையில் கத்துகிறது. சிக்னல் நன்றாக வரும் இடத்தில் வைத்துப் பார்த்த சோதனையை இந்த வேலையில் நம்பக் கூடாது.

வெளியீடு தானாக வராதது பழுதல்ல. இவ்வகைப் பலகைகள் மின்சாரம் வந்ததும் வெளியீட்டை மூடியே வைத்திருக்கும். மேசையில் வைத்து வேலை செய்பவருக்கு அதுதான் நல்லது. அமைப்புப் பட்டியலில், மின்சாரம் வந்தவுடன் வெளியீட்டைத் திறப்பதா மூடுவதா என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறப்பதற்கு மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன், மின்சாரம் வரும்போது எந்த நினைவிடத்தில் உள்ள எண் ஏற்றப்படுகிறது என்று கட்டாயம் பாருங்கள். நீங்கள் 4.10-ஐத் திரையில் திருகி வைத்துவிட்டு நினைவில் பதிக்காமல் விட்டிருந்தால், அடுத்த முறை ஆலையில் போட்டு அனுப்பிய எண்ணோடு அது எழுந்திருக்கும். பெரும்பாலும் 5.00 இருக்கும். தானாகத் திறக்கவும் செய்து 5 வோல்ட்டையும் கொடுத்தால் இரண்டாவது மோடமும் போய்விடும். ஆகவே மோடம் இல்லாமல், பேட்டரியைப் பத்து முறை கழற்றி மாட்டி, பத்து முறையும் 4.10 வருகிறதா என்று பாருங்கள்.


மேலூர் கிணற்றடி (புதன், காலை 6.50)

இவ்வளவு பாடு எதற்கு? சாதாரண 5 வோல்ட் பலகை வாங்கி, நடுவில் ஒரு 1என்4007 டையோடு போட்டால் 0.7 போக 4.3 வந்துவிடும். நான் பார்த்த பெட்டிகளில் அப்படித்தான் இருக்கிறது. சிம் அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை: இது 2ஜி மோடம். ஜியோவில் 2ஜி கிடையாது, வேறு நிறுவனத்து அட்டைதான் போட வேண்டும்.


மாசி வீதி மெக்கானிக் (புதன், காலை 8.15)

மேலூராரே, டையோடின் 0.7 என்பது நிலையான எண் அல்ல. மோடம் தூங்கும்போது சில மில்லி ஆம்பியர்தான் ஓடும். அப்போது டையோடில் அரை வோல்ட் போலத்தான் இறங்கும். 5 வோல்ட் பலகை 5.1 கொடுத்தால் மோடத்தின் வாயில் 4.6 வரை நிற்கும். அழைப்பு வந்து 2 ஆம்பியர் இழுக்கும்போது டையோடிலேயே ஒரு வோல்ட் இறங்கும், மோடத்துக்கு 4 வோல்ட்தான் வரும். வேலை இல்லாத நேரத்தில் அதிகமாகவும் வேலை நேரத்தில் குறைவாகவும் கொடுக்கிற ஏற்பாடு இது. இப்படிச் செய்த பெட்டிகள் ஓடுகின்றன என்பது உண்மைதான். ஒரு வருடம் ஓடிவிட்டு, காரணமே தெரியாமல் சாகிற மோடங்கள் என் மேசைக்கு வருகின்றன என்பதும் உண்மை.


உசிலம்பட்டித் தோட்டம் (புதன், மாலை 6.30)

மதியம் இரும்பாடிக்குப் போகும் வேலையை விட்டுவிட்டு இதையே செய்தேன். மின்தடையைக் கட்டி வெளியீட்டைத் திறந்ததும், திரையில் 4.10 சரிந்து 2.7 ஆகிவிட்டது. ஓரத்தில் இதுவரை நான் பார்த்திராத ஓர் எழுத்துக் குறி மாறியது. வழிகாட்டித் தாளில் பார்த்தால், மின்னோட்ட வரம்பில் இயங்குகிறது என்று அதற்குப் பொருள். வரம்பை 3.00 ஆக்கினேன். திரை 4.10-க்குத் திரும்பியது. மகிழ்ச்சியோடு ஏணியில் ஏறி மேல் முனையில் அளந்தேன்: 3.31.

இரண்டு பேர் சொன்னதும் சரி. வயர் அழைப்புமணி வயர்தான். தானாகத் திறக்கும் அமைப்பையும் மாற்றிவிட்டேன். பத்து முறை கழற்றி மாட்டியதில் பத்து முறையும் 4.10 வந்தது.

வயரை மட்டும் மாற்றினால் போதுமா?


மாசி வீதி மெக்கானிக் (புதன், இரவு 7.45)

வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் 6 மீட்டருக்கு 0.07 ஓம்தான் வரும். 2 ஆம்பியருக்கு 0.14 வோல்ட் இறக்கம். அது போதும்.

ஆனால் என்னைக் கேட்டால் வயரை அப்படியே விட்டுவிட்டு ரெகுலேட்டரை, அதாவது வோல்ட்டைக் குறைக்கும் பலகையை, இடம் மாற்றுவேன். 12 வோல்ட்டை மேலே அனுப்புங்கள், மோடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் 4 வோல்ட் ஆக்குங்கள். 4 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்பது 12 வோல்ட் பக்கத்தில் முக்கால், முக்காலே அரைக்கால் ஆம்பியர்தான். மெல்லிய வயரிலேயே அரை வோல்ட்டுக்குள்தான் இறங்கும். அந்த இறக்கம் 12-இல் நடப்பதால் ரெகுலேட்டர் அதைச் சரிக்கட்டிவிடும். வீராணம் தண்ணீர் ஆனாலும் வைகைத் தண்ணீர் ஆனாலும் குழாயில் அழுத்தத்தோடு கொண்டுவந்து தெருமுனையில்தான் குறைப்பார்கள்.

அந்தத் திரை வைத்த பலகையைக் கூரை வெயிலில் வைக்க வேண்டாம். வீட்டில் கிடக்கிற நீலப் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?


உசிலம்பட்டித் தோட்டம் (புதன், இரவு 8.05)

இருக்கிறது அண்ணே. ஆனால் வெளியீட்டைக் கூட்டிக் குறைக்கும் அதன் பிரீசெட் திருகைப் பத்துச் சுற்றுக்கு மேல் திருகியும் எண் அசையவே இல்லை. கெட்டுவிட்டது என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன்.


திருப்பரங்குன்றம் ஆய்வகம் (புதன், இரவு 9.30)

கெட்டிருக்காது. அந்தப் பலகையின் கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

எல்எம்2596 தன் பின்னூட்ட முனையில் (வெளியீடு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளும் காலில்) 1.23 வோல்ட் இருக்க வேண்டும் என்று மட்டுமே பார்க்கும். வெளியீட்டிலிருந்து அந்த முனைக்கு ஒரு மின்தடை, அங்கிருந்து தரைக்கு ஒரு மின்தடை. வெளியீடு = 1.23 × (1 + மேல் மின்தடை ÷ கீழ் மின்தடை). நீலப் பலகைகளில் கீழே 330 ஓம் இருக்கும், மேலே 10 கிலோ ஓம் பிரீசெட் இருக்கும். முழுவதும் திருகி வைத்திருந்தால் சூத்திரப்படி 38 வோல்ட் வர வேண்டும். 12 வோல்ட் உள்ளே போகும் பலகை 38 கொடுக்க முடியாது, ஆகவே உள்ளே வருவதை அப்படியே வெளியே விடும். உங்கள் முதல் மோடம் அப்படித்தான் கருகியது. அந்தப் பிரீசெட் கோடி முதல் கோடி வரை 25 சுற்று. 38-இலிருந்து 12 வரை வர 17, 18 சுற்று தேவை, அதுவரை மீட்டர் அசையாது. நீங்கள் பத்தில் விட்டுவிட்டீர்கள். இடப்பக்கமாகத் திருகிக்கொண்டே இருங்கள். பெரும்பாலான பலகைகளில் அதுதான் இறங்கும் திசை.

இனிமேல்தான் எனக்குக் கவலையான இடம். ஒரு சுற்றுக்கு 400 ஓம். அதாவது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை வோல்ட். உங்கள் மோடத்துக்கு 4.0-க்கும் 4.4-க்கும் நடுவே இருப்பது கால் சுற்று. மோட்டார் அதிர்வதாலும் வெயிலில் பெட்டி விரிந்து சுருங்குவதாலும் அந்தத் திருகு கால் சுற்று நகராது என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். இதைவிடப் பெரிய ஆபத்து, பிரீசெட்டின் உள்ளே தேய்ந்து செல்லும் அந்தச் சிறு விரல். தூசியோ துருவோ பட்டு ஒரு கணம் அது தொடர்பை விட்டால், மேல் மின்தடை அறுந்துபோனதற்குச் சமம். பின்னூட்ட முனைக்கு ஒன்றும் வராது. வெளியீடு போதவில்லை என்று எண்ணிச் சில்லு முழுவதையும் திறந்துவிடும். 12 வோல்ட் மோடத்தில் ஏறும். அதே பிரீசெட் கீழ்ப்பக்கம் இருந்து அறுந்தால் வெளியீடு 1.23-க்கு இறங்கும், எதுவும் கருகாது. பலகை செய்தவர்கள் மேல்பக்கம் வைத்துவிட்டார்கள், நாம் அதை எடுத்துவிடலாம்.

4.0 வோல்ட்டுக்கு மேல் மின்தடை 743 ஓம் வர வேண்டும். கடையில் 750 ஓம், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் மின்தடை கிடைக்கும். 1.23 × (1 + 750 ÷ 330) = 4.03. சில்லின் ஒப்பீட்டு மின்னழுத்தமே 3 சதவீதம் வரை மாறலாம் என்பதால் 3.9 முதல் 4.15 வரை எங்காவது நிற்கும், எல்லாம் மோடத்துக்கு ஏற்றதே. பலகையில் கீழ் மின்தடையின் முதுகில் 331 என்று எழுதியிருந்தால் 330 ஓம். வேறு எண் இருந்தால் கணக்கை மாற்றிப் போடுங்கள், என் 750-ஐக் கண்ணை மூடிக்கொண்டு வைக்காதீர்கள்.


ஒத்தக்கடை (வியாழன், காலை 7.20)

நல்ல பலகையை வீட்டில் வைத்துவிட்டு மலிவான பலகைக்குப் போவது எனக்கு மனம் ஒப்பவில்லை. திரை வைத்த பலகையில் தொடர் தகவல் இணைப்பு (சீரியல்) இருக்கிறது, கட்டுப்பாட்டுப் பலகை அதனுடன் பேசலாம். பேட்டரி மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம், பேட்டரி இறங்கினால் தோட்டக்காரருக்கு முன்கூட்டியே தெரியும். பூச்சீசனில் இது சிறிய உதவியல்ல.

இணைப்பின் வழியாக மின்னழுத்தத்தை எழுதப் போகிறவர்களுக்கு என் அனுபவம் ஒன்று. இவ்வகைப் பலகைகள் பலவற்றில் வோல்ட்டை நூறால் பெருக்கி முழு எண்ணாகக் கொடுக்க வேண்டும். 4.00 என்றால் 400. என் நிரலில் ஒரு சுழியம் கூடிப் போய் 4000 என்று எழுதினேன். 24 வோல்ட் மின்வழங்கியில் இருந்த பலகை 40 கேட்டதாக எடுத்துக்கொண்டு தன்னால் இயன்ற அளவு முழுவதையும் திறந்துவிட்டது. அன்றிலிருந்து, 430-க்கு மேல் எண் வந்தால் நிரலே மறுக்கும்படி எழுதுகிறேன். பலகையின் மிகை மின்னழுத்தப் பாதுகாப்பையும் 4.35-இல் வைக்கிறேன். எழுதிய பிறகு திரும்பப் படித்துச் சரிபார்த்த பின்தான் வெளியீட்டைத் திறக்கிறேன்.

பெரிய கணினி நிலையங்களில் இதே வேலையைப் பிஎம்பஸ் என்ற முறையில் செய்கிறார்கள். அங்கே மின்னழுத்தக் கட்டளையின் எண் பதினறும முறையில் 21. பல சில்லுகளில் வோல்ட்டை 4096-ஆல் பெருக்கி எழுத வேண்டும், 4 வோல்ட் என்றால் 16384. எந்த எண் வந்தாலும் மீறக் கூடாத உச்சவரம்புக்கென்றே தனிக் கட்டளை வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பைத்தான் முதலில் எழுதுவார்கள்.


மாசி வீதி மெக்கானிக் (வியாழன், காலை 8.40)

ஒத்தக்கடையாரே, மேசைக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. தோட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த 4.35 பாதுகாப்பு ஒருமுறை விழுந்தால் யாராவது பொத்தானை அமுக்கும்வரை வெளியீடு மூடியே கிடக்கும். இடி மின்னலில் ஒரு துடிப்பு வந்து அது விழுந்தால், இரவு ஒரு மணிக்கு இவருடைய அப்பா மறுபடி டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். எதற்காகப் பெட்டி செய்கிறோமோ அதுவே போய்விடும். பேட்டரியின் அளவைக் கட்டுப்பாட்டுப் பலகையில் இரண்டு மின்தடை போட்டே படித்துக்கொள்ளலாம்.


ஒத்தக்கடை (வியாழன், காலை 9.05)

பொத்தானை அமுக்க ஆள் வேண்டும் என்பதை நான் நினைக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.


உசிலம்பட்டித் தோட்டம் (ஞாயிறு, இரவு 8.50)

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நீலப் பலகையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சிறு மின்தடையின் முதுகில் 331 தெளிவாக இருந்தது. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் 750 ஓம் மின்தடை பத்து வாங்கினேன், பத்தையும் அளந்து 749 காட்டியதை எடுத்துக்கொண்டேன். பிரீசெட்டைப் பிடுங்குவதில்தான் கஷ்டப்பட்டேன். மூன்று கால்களிலும் ஒரே நேரத்தில் ஈயம் உருக வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் பலகையின் தாமிரக் கோடு உரிந்துகொண்டு வந்துவிடும் என்று தெரிந்ததால், கட்டிங் பிளேயரால் பிரீசெட்டின் உடலை நொறுக்கி, கால்களை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி எடுத்தேன். எந்த இரண்டு துளைக்கு நடுவே மின்தடை வர வேண்டும் என்பதை, பின்னூட்ட முனையிலிருந்து தொடர்ச்சி பார்த்து உறுதி செய்தேன்.

திரை வைத்த பலகை இங்கேதான் கைகொடுத்தது. பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரை அதற்குக் கொடுத்து, அதன் வெளியீட்டை நீலப் பலகைக்கு உள்ளீடாக்கினேன். 11.0 வைத்தேன், 12.6 வைத்தேன், பேட்டரி சார்ஜ் ஏறும்போது வரும் 14.4 வைத்தேன். சுமை இல்லாமல் மூன்றிலும் 4.05. மின்தடைச் சுமையோடு மூன்றிலும் 4.02. அரை மணி நேரம் விட்டும் எண் மாறவில்லை. பேட்டரி வயர் கழன்று சோலார் தகட்டின் 21 வோல்ட் நேராக வந்தாலும் இந்தச் சில்லு 40 வரை தாங்கும் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மோடத்தின் கால்களுக்கு நேராக மின்சாரத்தைச் சிறிது தேக்கி வைக்கும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டிருக்கிறேன். அது மட்டும் போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 ஆம்பியர், 0.577 மில்லி வினாடி: தனியாகத் தாங்கினால் 1.15 வோல்ட் இறங்கிவிடும். ரெகுலேட்டர் ஒரு சாண் தூரத்தில் இருப்பதால்தான் இது சமாளிக்கிறது. முதல் ஏற்பாட்டில் கெப்பாசிட்டரை மட்டும் போட்டிருந்தால் ஓடியிருக்காது என்று இப்போது புரிகிறது.

வெள்ளி மாலை எல்லாவற்றையும் ஒரு சிறு பெட்டிக்குள் வைத்துக் குழாயில் கட்டினேன், பழைய அழைப்புமணி வயரிலேயே 12 வோல்ட் மேலே போகிறது. ஏணியில் நின்றபடி மீட்டர் முட்களை மோடத்தின் கால்களில் பிடித்துக்கொண்டு, தங்கையை விட்டு நாற்பது முறை அழைக்கச் சொன்னேன். ஒருமுறைகூட விளக்கு தன் மூன்று வினாடி நடையை இழந்து தேடலுக்குத் திரும்பவில்லை.

சனி இரவு 1.20-க்கு மும்முனை வந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து அழைத்தார். எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் கேட்கிற மோட்டார் அது. சத்தம் கேட்டதும் கைபேசியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.


மாசி வீதி மெக்கானிக் (ஞாயிறு, இரவு 9.15)

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. பேட்டரியிலிருந்து கிளம்பும் இடத்தில் ஃபியூஸ் போட்டிருக்கிறீர்களா? மெல்லிய வயர், எலி கடித்தால் பேட்டரி முழு வேகத்தில் கொட்டிவிடும்.


உசிலம்பட்டித் தோட்டம் (ஞாயிறு, இரவு 9.20)

இல்லை அண்ணே. எத்தனை ஆம்பியர்?


மாசி வீதி மெக்கானிக் (ஞாயிறு, இரவு 9.22)

இரண்டு. நாளைக்கே போடுங்கள்.